எழுத்துக்கு அறுபது ரூபா

எழுத்துக்கு அறுபது ரூபா,
புள்ளிக்குக் காசு எடுக்கிறதில்லை என்றார்
கல்லடியில் கல் வெட்டுகிற ஞானரெத்தினம்.
"உயிர் போன மெய்க்குத்தானே புள்ளி,
அதுக்கு வாங்கினா விளங்காது."
சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுகா சிரிக்கவில்லை.

நான் சங்கத்தின் பொருளாளன்.
கணக்குத் தெரியும் என்பதால்
என் கையில் தந்தார்கள்
முப்பத்தொன்பது பேரையும்.

தலைப்பெழுத்தை விடுவம், செலவு குறையும் என்றார்கள்.
தகப்பன் இல்லாமப் பிறந்தவனோ என்ர மகன் என்று
எழும்பிப் போனா பூரணிப்பிள்ளை.
பின்னால் ஓடிக் கூட்டிவந்து
தகப்பனுக்கு ஓர் எழுத்து, ஓர் அறுபது ரூபா.
வீரக்குட்டியின் மருமகளுக்கு அப்போது ஆறு மாதம்.
வயிற்றில் இருந்ததற்குப் பேர் இல்லை.
கடைசியில் ஒரு வரி இடம் விடுங்கோ என்றார்கள்.
வெறுங்கல்லுக்கு என்ன விலை என்று
ஞானரெத்தினத்துக்கும் சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தொன்பதாவது ஆளில் இழுபட்டது கூட்டம்.
காத்தான்குடியில் இருந்து பாதையில் ஏறி வாவி கடந்து
சைக்கிள் பெட்டியில் பாண் விற்ற மனுசன்.
பதினொரு வருசம் எங்கட ஒழுங்கைகளில் மணியடித்தவர்.
அண்டைக்குச் சங்கக்கடைச் சுவரோடு நிறுத்தினபோது
அவரும் நின்றார், சைக்கிளைப் பிடித்தபடி.

நம்மட ஆள் இல்லையே என்றது ஒரு குரல்.
சுவரடியில் ஆர் பிரித்துப் பார்த்தது என்றது இன்னொன்று.
அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் நடந்தவற்றை
ஒருத்தரும் வாய்திறந்து சொல்லவில்லை.
விசிறி மட்டும் சுற்றியது.
சரி, போடுவம். என்ன பேர்?

எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

பாண் காக்கா.
அப்படியே வெட்டினார்.
ஐந்து எழுத்து, இரண்டு புள்ளி, முந்நூறு ரூபா.

வருசா வருசம் பொலிசுக்குக் கடிதம் கொடுக்கிறோம்:
விளக்கு எத்தனை, ஆட்கள் எத்தனை.
மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர்
கல்லைப் போனில் எடுத்து, பெரிதாக்கிப் படிப்பார்கள்.
"இது ஆர், பாண் காக்கா? இயக்கப் பேரோ?"
பாண் விற்றவர் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

போன மாரி, மழை விட்ட ஒரு பின்னேரம்
ஓட்டோவில் வந்திறங்கினா ஜெஸீமா, மூத்த மகள்.
இப்போது பாதை இல்லை, பாலம்.
பத்து நிமிசம்.
அந்தப் பத்து நிமிசத்துக்கு முப்பது வருசம் எடுத்திருக்கிறது.
பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பி ஒன்று,
வாப்பாட கடன் கொப்பி.
சைக்கிள் வரல்ல, இதுமட்டும் வாசல்ல கிடந்தது,
ஆர் போட்ட எண்டும் தெரியா.

கணக்குப் பார்க்கிற கை. புரட்டினேன்.
பூரணிப்பிள்ளை மகன் சசிகரன், சீனிப்பாண் இரண்டு.
நெட்டை வேலாப்போடி, அரை றாத்தல்.
வீரக்குட்டி மருமகள், ஒரு றாத்தல்;
புள்ளத்தாச்சி, காசு கேக்கப்படாது.
எங்கள் முப்பத்தெட்டில் இருபத்திரண்டு பேர் அதில்,
வீட்டில் கூப்பிடுகிற பேரில்.
நாங்கள் கல்லில் பிழையாய் வெட்டின ஒருவர்
அங்கே சரியாய் இருந்தார்.

காசுக்கு வரல்ல தம்பி என்றா.
அட்டையைத் திருப்பிக் காட்டினா:
மீ. ஆதம்லெவ்வை.
ஏழு எழுத்து.
அவ முன்னாலேயே விரலில் எண்ணிவிட்டேன்.
பிறகுதான் வெட்கம் வந்தது.

பாண் காக்காவ அழிக்க வேணாம்,
புள்ளயல் அப்படித்தானே கூப்பிட்டிருக்கும்.
அதுக்குக் கீழ போடுங்க.

கீழே இருந்தது அந்த ஒரு வரி.
யாருக்கு விட்டது என்று நான் சொல்லவில்லை,
அவ கை அதில் கொஞ்சநேரம் இருந்தது.
கூட்டம் வைத்துச் சொல்கிறேன் என்றேன்.

கொப்பியை என்னிடமே விட்டுப்போனா.
கடைசிப் பக்கத்தில் அண்டைய திகதி.
சங்கக்கடையடி, நாலு றாத்தல்.
ஆருக்கென்று இல்லை.
ஓரத்தில் சின்னதாக,
நாளைக்குத் தாறதாம்.